படம் காட்டிய இடமும் வலித்த இடமும்

எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளுக்குள் ஐந்து முறை, திரையில் உடம்பின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தும் சிகிச்சை நடந்திருக்கிறது. ஒன்று எனக்கு, நான்கு அம்மாவுக்கு. ஐந்தில் நான்கு ஏதோ ஓர் அளவில் பலன் தந்தன. ஒன்று துளியும் பலன் தரவில்லை. பலன் தராத அந்த ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அது விளங்க வேண்டுமானால் முதலில் என் இடுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். 2021ஆம் ஆண்டின் இறுதியில், ஊரடங்குக்குப் பிறகு கல்லூரி திறந்த சமயத்தில், பைண்டிங்கிற்குப் போய்வந்த பழைய இதழ்க் கட்டுகளைக் குனிந்து தூக்கி அலமாரியில் அடுக்கினேன். மறுநாள் காலையில் இடது பிட்டத்தில் தொடங்கிய வலி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து, பாதத்தின் வெளிவிளிம்பு வழியாகச் சுண்டுவிரல் வரை ஓடியது. தும்மினால் மின்சாரம் பாய்ந்ததைப் போல இருந்தது. உட்கார முடியவில்லை, நிற்பதும் படுப்பதுமாக ஆறு வாரங்கள் போயின. மாத்திரைகளும் இடுப்புப் பட்டையும் பெரிதாக உதவவில்லை. ஊரில் ஒரு சிறிய மருத்துவமனையில், முதுகெலும்பைக் கையால் தடவிப் பார்த்து, வார்டு கட்டிலிலேயே படுக்கவைத்து, தண்டுவடத்தின் வெளிப்பக்கத்தில் மருந்து இறக்குவதாகச் சொல்லி ஓர் ஊசி போட்டார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் கூட இல்லை. இரண்டு நாள் ஏதோ குறைந்ததைப் போல இருந்தது. மூன்றாம் நாள் பழைய வலி அப்படியே திரும்பியது. அந்த மருந்து போக வேண்டிய இடத்திற்குப் போனதா, வேறெங்காவது இறங்கியதா என்பதை ஊசி போட்டவரும் சொல்ல முடியாது, போட்டுக்கொண்டவளும் சொல்ல முடியாது. பிற்பாடு படித்தபோதுதான், படத்தின் துணையில்லாமல் போடப்படும் இத்தகைய ஊசிகள் தேர்ந்த கைகளிலும் இடம் தவறுவது அரிதல்ல என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். அந்த அறிக்கையைப் படித்த இரவு தூங்கவில்லை. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு குறை எழுதப்பட்டிருந்தது. கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையே (எல்4-எல்5) பெரிய வீக்கம், அதற்கு அடுத்துக் கீழே (எல்5-எஸ்1) சிறிய பிதுக்கம், மற்ற இடங்களில் நீர் வற்றல். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் பெரிய வீக்கத்தைக் காட்டி, அதை அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

மதுரையில் நான் பார்த்த வலி சிகிச்சை மருத்துவர், மயக்க மருத்துவம் படித்துப் பின்னர் இந்தத் துறைக்கு வந்த ஒரு பெண்மணி. அவர் படத்தை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே என்னை நடக்கச் சொன்னார். முதலில் குதிகாலை மட்டும் ஊன்றி நடந்தேன், அது முடிந்தது. பிறகு முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைத் தூக்கி நடக்கச் சொன்னார். இடது கால் துவண்டது. சிறிய சுத்தியலால் கணுக்காலின் பின்பக்கத் தசைநாணில் தட்டினார். வலது பாதம் துள்ளியது, இடது பாதம் அசையவில்லை. அதன் பிறகுதான் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, பெரிய வீக்கத்தைச் சுட்டி, “இது உங்க வலிக்குக் காரணம் இல்லைம்மா. இந்தச் சின்னதுதான், எஸ்1 நரம்பை உரசிக்கிட்டு இருக்கு” என்றார். சுண்டுவிரல் வரை இறங்கும் வலி, முன்பாதத்தின் பலவீனம், கணுக்கால் துள்ளாமை ஆகிய மூன்றும் ஒரே நரம்பைச் சுட்டின. பெரிய வீக்கம் அவர் கணக்கில், தோலில் விழும் சுருக்கத்தைப் போல, வெறும் வயதின் அடையாளம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஒரு கட்டுரையின்படி, 50 வயதில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு வட்டு வீக்கம் இருக்கிறது. அவர்கள் அதை அறியாமலேயே நடமாடுகிறார்கள். எனக்கு அப்போது 48 வயது.

சிகிச்சை நாளன்று குப்புறப் படுக்கவைத்தார்கள். முதுகுக்கு மேலே, ஆங்கில ‘சி’ எழுத்தைப் போல வளைந்த எக்ஸ்ரே கருவி. சி-ஆர்ம் என்றுதான் அங்குள்ள எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். தோலை மரக்கவைத்த பிறகு, முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பில் நரம்பு வெளியேறும் துளையைத் திரையில் பார்த்தபடி, நீளமான மெல்லிய ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். அடுத்ததாகச் சாயம் செலுத்தப்பட்டது. திரையில் ஒரு கறுத்த கோடு, வெற்றிலைக் காம்பைப் போல, நரம்பின் வழியே படர்ந்தது. சாயம் ஓடிவிடாமல் அங்கேயே நிற்கிறதா என்று படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். இரத்தக்குழாய்க்குள் ஊசி நுழைந்திருந்தால் சாயம் சட்டென்று கரைந்து மறையுமாம். மருந்து இறங்கத் தொடங்கியதும் என் சுண்டுவிரல் வரை அதே வலி ஒரு கணம் எழுந்து அடங்கியது. “அதே வலியா, வேற வலியா?” என்று கேட்டார். அதே வலி. அந்தக் கேள்வியின் மதிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

அழற்சியைத் தணிக்க அவர் பயன்படுத்திய ஸ்டீராய்டு டெக்ஸாமெத்தசோன். துகள்கள் கலந்த ஸ்டீராய்டுகள், தண்டுவடத்திற்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய தமனிக்குள் தவறிப் போனால் அடைப்பை உண்டாக்கி, மிக அரிதாகப் பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடும். டெக்ஸாமெத்தசோனில் அத்தகைய துகள்கள் இல்லை. தண்டுவடத்தை ஒட்டிப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாக நேரும் கடுமையான நரம்புப் பாதிப்புகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரிக்கை வெளியிட்டதையும் அவரே சொன்னார். எந்த மருந்து, என்ன காரணத்திற்காக என்று கேட்கும் நோயாளியை அலுத்துக்கொள்ளாமல் உட்காரவைத்துப் பதில் சொல்லும் மருத்துவரிடம் போவது நல்லது என்பது என் எண்ணம்.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஸ்டீராய்டின் விளைவாக ஊசிக்கு மறுநாள் சர்க்கரை 290 வரை ஏறியது. ஐந்தாம் நாள்தான் பழைய அளவுக்கு இறங்கியது. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் அளக்கும் கருவியைத் தயாராக வைத்துக்கொண்டு, மருந்தளவை எப்படி மாற்றுவது என்று தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கால் வலி பத்து நாளில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஊசி வட்டை உள்ளே தள்ளிவிடவில்லை. நரம்பைச் சுற்றியிருந்த அழற்சியைத்தான் தணித்தது. பிதுங்கிய வட்டுப் பகுதியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்கிறது. அதற்கான சில வாரங்களை ஊசி வாங்கித் தந்தது. பாதம் தொங்கிப்போவது, சிறுநீர் தேங்குவது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று வந்திருந்தாலும் ஊசியை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் அன்றே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போயிருக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இனி அம்மாவின் கதை.

அம்மாவுக்கு 2023இல் 72 வயது. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. தேய்மானத்தைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை தரம்பிரிக்கிறார்கள். எக்ஸ்ரேயில் அம்மாவின் இரு முழங்கால்களும் நான்காம் தரம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் மூட்டு மாற்று அறுவை என்ற பேச்சை எடுத்தாலே, “என்னைக் கட்டையில வைக்கணும்னா நேராச் சொல்லிருட்டி” என்பார். அதனால் நான்கு ஆண்டுகளாக, வலி கூடும்போதெல்லாம் ஊரில் ஒரு கிளினிக்கில் முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சீட்டுகளைத் தேடிப்பிடித்து எண்ணியபோது, இரு கால்களிலும் சேர்த்துப் பதினொன்று. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 140 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்குப் பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்டீராய்டும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் இரண்டு ஆண்டுகள் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். முடிவில் வலியில் வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. இதைப் படித்த அன்றுதான் அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போவதென்று முடிவெடுத்தேன்.

அங்கே சொல்லப்பட்ட சிகிச்சை, முழங்காலின் உணர்ச்சி நரம்புகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்வது. ரேடியோ அலைகளைக் கொண்டு ஊசியின் நுனியை மட்டும் சூடாக்கி, மூட்டிலிருந்து வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்புக் கிளைகளைச் சுட்டுவிடுகிறார்கள். கொரியாவில் 38 முதியவர்களிடம் செய்யப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. அதில் சிகிச்சை பெற்றவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேருக்குப் பன்னிரண்டாம் வாரத்தில் வலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இருந்தது. மீதி நான்கு பேரைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. தேய்ந்த மூட்டு தேய்ந்ததாகவே இருக்கும், நரம்பு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் திரும்ப வளர்ந்துவிடும், அப்போது வலியும் வரலாம் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மாவின் அச்சம் வேறு: “நரம்பைச் சுட்டுப்புட்டா கால் வெளங்குமா?” சுடப்படுபவை உணர்ச்சியை மட்டும் கொண்டுபோகும் கிளைகள், காலை அசைக்கும் நரம்புகள் வேறு என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். முழங்காலைச் சுற்றி நான்கு மூலைகள் இருக்க, மூன்று இடங்களில் மட்டும் சுடுகிறார்கள். வெளிப்பக்கக் கீழ்மூலையை விட்டுவிடுவதற்குக் காரணம், பாதத்தைத் தூக்கும் நரம்பு அங்கே எலும்பை ஒட்டி ஓடுவதுதான்.

சுடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. அதே மூன்று இடங்களில், சி-ஆர்ம் பார்த்தபடி, இடத்திற்கு ஒரு மில்லி அளவு மரக்கும் மருந்தை மட்டும் வைப்பார்கள். அதற்கு மேல் வைத்தால் மருந்து அக்கம்பக்கம் பரவி, எந்த நரம்பு மரத்ததால் வலி போனது என்ற கணக்கு கலங்கிவிடும். மருந்து மரக்கவைக்கும் சில மணி நேரத்திற்குள் வலி பாதிக்குமேல் குறைந்தால் சுடலாம். குறையாவிட்டால் சுடுவதில் பொருளில்லை.

இந்தச் சோதனையைப் பலர் வீணாக்குகிறார்கள் என்று அங்கிருந்த செவிலியர் சொன்னார். ஊசி போட்டதும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். மாலையில் கேட்டால் “கொஞ்சம் பரவாயில்லை” என்பார்கள். மருத்துவர் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “மரத்திருக்கிற நேரம் நாலு மணி நேரம்தாம்மா. அதுக்குள்ள உங்களுக்கு எது எது வலிக்குமோ அதையெல்லாம் செஞ்சு பார்த்துருங்க.” எண்ணில் வலியைச் சொல்லச் சொன்னால் அம்மாவுக்கு வராது, பத்துக்கு எத்தனை என்றால் எப்போதும் “ஒம்பது” என்பார். அதனால் நாங்கள் வேறு கணக்கு வைத்துக்கொண்டோம். எத்தனை படி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, எவ்வளவு தூரம் நடந்தால் உட்கார இடம் தேடுகிறார் என்பவற்றை ஊசிக்கு முந்தைய ஒரு வாரம் முழுக்க ஒரு நோட்டில் குறித்தேன்.

வலது காலுக்கு முதலில் சோதனை நடந்தது. இந்த இடத்தில் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டம்மா யாரோ “ஊசின்னா ரத்த மாத்திரையை நிறுத்தணும்” என்று சொல்லியிருக்கிறார். அம்மா எங்களிடம் சொல்லாமல் இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரினை ஐந்து நாட்களாக நிறுத்திவிட்டிருந்தார். காலையில் மாத்திரைகளைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. மருத்துவர் கோபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். முழங்காலைச் சுற்றிய இந்த ஊசிக்கு அதை நிறுத்தத் தேவையே இல்லை. தண்டுவடத்தை ஒட்டிய ஊசிகளுக்கு வேறு விதி, க்ளோபிடோக்ரெல் போன்ற இரத்த மாத்திரைகளை ஒரு வாரத்திற்கு முன் நிறுத்தச் சொல்வதுண்டு. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் எந்த இரத்த மாத்திரையையும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிய பின்பே ஊசி போட்டார்கள்.

அன்று மருத்துவமனையின் பின்படிக்கட்டில் அம்மா இரண்டு மாடி ஏறி இறங்கினார். முன்பெல்லாம் ஏழாவது படியில் நின்றுவிடுபவர். பிறகு எதிரிலிருந்த தேநீர்க் கடை வரை நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கையூன்றாமல் எழுந்தார். “வலது காலு என் காலு மாதிரியே இல்லட்டி” என்றார். இடது காலைத்தான் இழுத்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்து இடது காலுக்கும் அதே மூன்று இடங்கள், அதே மருந்து, அதே அளவு. படத்தில் ஊசி நின்ற இடங்களும் சரியே. ஆனால் படிக்கட்டில் ஆறாவது படியில் அம்மா நின்றுவிட்டார். கால் மணி நேரம் காத்திருந்து மீண்டும் ஏறச் சொன்னேன்; மீண்டும் ஆறாவது படி. முழங்காலைத் தொட்டால் தோல் மரத்திருந்தது. உள்ளே அதே வலி. “துட்டுத் தண்டம்” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் எரிச்சல்தான். ஒரே வயது, ஒரே உடம்பு, ஒரே தரத் தேய்மானம், எக்ஸ்ரேயில் இரண்டு முழங்காலும் இரட்டைப் பிள்ளைகளைப் போல இருக்கின்றன. ஒன்றுக்குக் கேட்ட மருந்து மற்றதற்குக் கேட்கவில்லை.

நோட்டைப் பார்த்த மருத்துவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவை மல்லாந்து படுக்கவைத்து, இடது முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளினார். அப்படித் தள்ளும்போது தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குள் உட்புறமாகத் திரும்பும். அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார். “எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டதற்கு முழங்காலைத்தான் காட்டினார், பிறகு, கூச்சத்தோடு, அரையிடுக்கையும். முழங்காலை யாரும் திருகவில்லை. திரும்பியது இடுப்பு மூட்டு. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் கிளைகளை அனுப்புபவை ஒரே நரம்புகள். ஆகவே இடுப்பு கெட்டால் முழங்காலில் வலி தெரியும். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் இடது இடுப்பு மூட்டின் இடைவெளி ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது.

“இதை நான் முதல் நாளே பார்த்திருக்கணும். முழங்கால் படத்தைப் பார்த்ததும் அதுலயே நின்னுட்டேன்” என்றார் மருத்துவர். என் முதுகுப் படத்தில் பெரிய வீக்கத்தைக் கண்டு ஏமாறாத அதே மருத்துவர்தான் இவர். ஒரு மருத்துவர் தன் பிழையை நோயாளியின் எதிரில் சொல்வது சாதாரணமல்ல; அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் அதற்கு முன் நான்கு ஆண்டுகளில், இடது முழங்காலில் ஊசி போட்ட ஒவ்வொரு முறையும், அரை நிமிடம் செலவழித்து இந்தக் காலை ஒருவர் திருப்பிப் பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. அந்தப் பதினொன்றில் ஆறு ஊசிகள் இடது முழங்காலுக்குப் போனவை.

சோதனை ஊசி இல்லாமல் நேராகச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். இடது காலிலும் சுட்டிருப்பார்கள், வலி போயிருக்காது, “பத்துப் பேரில் நாலு பேருக்குக் கேட்காது” என்ற கணக்கில் அம்மாவையும் சேர்த்துவிட்டு எல்லோரும் ஓய்ந்திருப்போம்.

வலது காலுக்கான சூட்டுச் சிகிச்சை அடுத்த மாதம் நடந்தது. கெண்டைக்காலில் ஒரு பெரிய ஒட்டுப்பட்டையைப் பதித்தார்கள். மின்சாரம் அதன் வழியே திரும்ப வேண்டும். பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். இருந்தால் முன்னேற்பாடுகள் வேறு. முழு மயக்கம் கொடுக்கவில்லை, ஏனென்றால் நோயாளி பதில் சொல்ல வேண்டும். ஊசி இடத்தில் நின்றதும் முதலில் மெல்லிய மின்துடிப்பு அனுப்பி, முழங்காலுக்குள் கூச்சம் தெரிகிறதா என்று கேட்டார்கள். அடுத்து, வேறு அலைவரிசையில் துடிப்பு அனுப்பி, காலோ பாதமோ துள்ளுகிறதா என்று பார்த்தார்கள். துள்ளினால் அசைவு நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள், ஊசியை நகர்த்த வேண்டும். துள்ளவில்லை. மரக்கும் மருந்து வைத்து, 80 டிகிரி வெப்பத்தில் இடத்திற்கு ஒன்றரை நிமிடம். மொத்தம் முக்கால் மணி நேரம், தையல் இல்லை, மாலையில் வீட்டுக்குக் கிளம்பினோம்.

வெளியே காத்திருந்த நேரத்தில் இந்தத் துறையின் பழைய கதை ஒன்றைப் படித்தேன். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், காலில் இரத்த ஓட்டம் நின்று விரல்கள் அழுகத் தொடங்கிய 82 வயது மூதாட்டி, காலை எடுக்க ஒப்புக்கொள்ளவே இல்லை. சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், தொடைத் தமனிக்குள் மெல்லிய குழாய்களைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே அடைப்பை விரித்தார். கால் பிழைத்தது. படம் பார்த்துச் செய்யும் கத்தியில்லாச் சிகிச்சைகளின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். பிடிவாதக்காரக் கிழவி ஒருத்தியிடமிருந்துதான் இது தொடங்கியது என்று அம்மாவிடம் சொன்னபோது, “பொறவு, வெட்டச் சொன்னா விட்டுருவாளா” என்றார்.

முதல் பத்து நாட்கள் வலி கூடியது. இதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனால் சொல்லக் கேட்பது வேறு, இரவு இரண்டு மணிக்கு அம்மா முனகுவதைக் கேட்பது வேறு. காய்ச்சல், ஊசி இடத்தில் சிவந்த வீக்கம், புதிதாகக் கால் பலவீனம் ஆகியவை வந்தால் மட்டும் உடனே வரச் சொல்லியிருந்தார்கள், அவை வரவில்லை. மூன்றாவது வாரத்தில் வலி இறங்கியது. அதன் பிறகுதான் எங்களுக்கு வேலை தொடங்கியது. வலியால் பல ஆண்டுகள் மடக்கியே வைத்திருந்த காலில் தொடைத் தசை சூம்பியிருந்தது; நரம்பைச் சுட்டால் அது திரும்பிவிடாது. சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது, காலை நீட்டியபடி ஒரு சாண் உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஆகிய மூன்றையும் காலையும் மாலையும் செய்யவைத்தோம். வலி குறைந்தவுடன் பயிற்சி எதற்கு என்று அம்மா கேட்பார். குறைந்திருக்கும்போதுதான் செய்ய முடியும். நரம்பு திரும்ப வளர்வதற்குள் தசை வளர்ந்துவிட வேண்டும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் அலுவலகக் காப்பீட்டில் அம்மாவும் இருந்தார். சோதனை ஊசிகளுக்கான கோரிக்கையை, வெளிநோயாளிச் சிகிச்சை என்று காப்பீட்டு நிறுவனம் தள்ளிவிட்டது. சூட்டுச் சிகிச்சைக்கு முன்பே அனுமதி கேட்டு, சிகிச்சையின் முழுப்பெயர், காரணம், சோதனை ஊசியின் முடிவு ஆகியவற்றை மருத்துவரிடம் கடிதமாக வாங்கி இணைத்ததால் அது கிடைத்தது. வெறுமனே ‘முழங்கால் ஊசி’ என்று எழுதியிருந்தால் அதையும் தள்ளியிருப்பார்கள். ஐந்து ஊசிகள் கொண்ட ‘பேக்கேஜ்’ என்று மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. முதல் ஊசியின் பலனைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்ய வேண்டிய சிகிச்சையில், ஐந்தையும் முன்பே விற்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இடது இடுப்புக்கு, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி மூட்டுக்குள் மரக்கும் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்துச் செலுத்தினார்கள். அரை மணி நேரத்தில் அம்மா அதே பின்படிக்கட்டில் ஏறினார். பத்தாவது படியைக் கடந்தபோது திரும்பிப் பார்த்து, “முட்டி வலியைக் காணும்லா” என்றார். ஊசி போட்டது இடுப்பில். போனது முழங்கால் வலி. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டரை மாதம் சுகமாக இருந்தது. பிறகு வலி திரும்பியது. மீண்டும் மீண்டும் அந்த ஊசியைப் போடலாமா என்று கேட்டோம். இடைவெளியே இல்லாத மூட்டில் அது காலம் கடத்தல்தான், மூட்டை மாற்றுவதே வழி என்று அதே வலி மருத்துவர் சொன்னார். ஊசி போட்டு மூன்று மாதங்களுக்குள் மூட்டு மாற்றினால் கிருமித் தொற்று வாய்ப்பு கூடும் என்பதால், அந்த இடைவெளி கழிந்த பிறகே நாள் குறிக்க வேண்டும் என்றார்.

அறுவை என்ற சொல்லையே கேட்க மறுத்த அம்மா இதற்கு ஒப்புக்கொண்டது எப்படி என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இரண்டரை மாதம் வலியில்லாமல் இருந்து பார்த்துவிட்டார், அவ்வளவுதான். இதய மருத்துவர் பரிசோதித்து அனுமதி தந்தார். முதுகில் மட்டும் மரக்கவைத்து 2024இல் இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். எழுந்து நிற்க வேண்டிய மறுநாள், உடம்பின் பாரம் முழுவதையும் வலது கால்தான் தாங்க வேண்டியிருந்தது. ஓராண்டுக்கு முன்பு அந்தக் காலால் அது முடிந்திருக்காது.

நான்காம் நாள் படி ஏறக் கற்றுக்கொடுக்க வந்த பிசியோதெரபி இளைஞர், “பாட்டி, ஏறும்போது நல்ல காலை முதல்ல வைக்கணும், இறங்கும்போது ஆபரேஷன் காலை முதல்ல வைக்கணும்” என்றார். அம்மா வாக்கரைப் பிடித்தபடி குனிந்து இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்ல காலா? ஏட்டி, இதுல எதை நல்ல காலுங்கான் இவன்?”

நான் வலது காலைத் தொட்டுக் காட்டினேன். அம்மா அதை எடுத்து முதல் படியில் வைத்தார்.